அன்பு வருவதா, செய்வதா? – வாசகர் கேள்வி-பதில்

இல்லறத்தில் அன்பு குறித்து வந்த கடிதங்கள் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன். வேத வசனங்கள் பழைய திருப்புதலின்படி தரப்பட்டுள்ளன.

கேள்வி: எனக்கு இன்னும் இரண்டு மாதங்களில் திருமணம். என் வருங்கால மனைவியை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனாலும் உயிருள்ளவரை நேசிப்பேன் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் சொல்லவேண்டுமே என்று நினைக்கும்போது அச்சமாக இருக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து என் மனம் எப்படி இருக்கும் என்பது இன்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாத ஒன்றை வாக்காகக் கொடுப்பது பொய்யாகாதா?

வாக்கை இலேசாக எண்ணுகிறவருக்கு இந்த அச்சம் வராது. ஆகவே உங்களுக்கு இது வந்ததை நான் நல்லதாகவே எடுத்துக்கொள்கிறேன். நாளைய உணர்ச்சியை இன்றே வாக்காகக் கொடுக்க ஒருவராலும் முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் ஆலயத்தில் உங்களிடம் கேட்கப்படுவது அதுவன்று. குருவானவர் 'இவளை நேசிக்கிறாயா?' என்று கேட்பதில்லை, 'நேசிப்பாயா?' என்றுதான் கேட்கிறார். 1549-இல் இங்கிலாந்துத் திருச்சபை வெளியிட்ட பொது ஜெபப் புத்தகத்தில் அந்தக் கேள்வி, நேசிப்பாயா, ஆறுதல் செய்வாயா, கனம்பண்ணுவாயா, நோயிலும் நலத்திலும் காப்பாயா என்ற கருத்தில் நான்கு வினைகளை ஒரே மூச்சில் அடுக்குகிறது. ஆறுதல் செய்வதும் கனம்பண்ணுவதும் காப்பதும் நாம் மனமறிந்து செய்யும் செயல்கள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நேசிப்பதை மட்டும் அந்த வரிசையிலிருந்து பிரித்தெடுத்து, மழையைப் போலத் தானாக வந்து தானாகப் போவது என்று நாம் ஏன் கருதவேண்டும்?

நம் மொழியைச் சற்றுக் கவனித்தாலே இது விளங்கும். எனக்குக் கோபம் வருகிறது, எனக்குத் தூக்கம் வருகிறது, எனக்கு ஆசையாக இருக்கிறது என்று சொல்கிறோம். இந்த வாக்கியங்களில் 'நான்' இல்லை, 'எனக்கு' மட்டுமே இருக்கிறது, ஏனென்றால் அவை நமக்கு நேர்கின்றவை. அன்புகூருகிறேன், அன்பு செலுத்துகிறேன் என்று சொல்லும்போதோ 'நான்' முன்னால் வந்து நின்றாக வேண்டும். 'புருஷர்களே, உங்கள் மனைவிகளில் அன்புகூருங்கள்' (எபேசியர் 5:25) என்று பவுல் கட்டளையாக எழுத முடிந்தது அதனால்தான். எவருக்கும் 'தூக்கம் வரக்கடவது' என்று கட்டளையிட இயலாது.

டீட்ரிக் போன்ஹோஃபர் என்னும் ஜெர்மானியப் போதகர் 1943 ஏப்ரலில் கைதாகி, பெர்லின் நகரின் டேகல் சிறையில் அடைக்கப்பட்டார். அடுத்த மாதமே தம் சகோதரியின் மகளுக்கும் தம் நெருங்கிய நண்பருக்கும் நடக்கவிருந்த திருமணத்துக்காகச் சிறையிலிருந்தபடியே ஒரு பிரசங்கம் எழுதினார். உங்கள் அன்பு திருமணத்தைத் தாங்குவதில்லை, இனித் திருமணமே உங்கள் அன்பைத் தாங்கும் என்பது அதில் அவர் சொன்ன கருத்து. எழுதியவருக்கே அப்போது நிச்சயமாகிச் சில மாதங்கள்தாம் ஆகியிருந்தன. அவருடைய திருமணம் நடக்கவேயில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். வாக்கு என்பது மனத்தைப் பற்றிய முன்னறிவிப்பு அல்ல, மனம் தளரும் நாளில் நாம் பற்றிக்கொள்வதற்கு இன்றே நட்டுவைக்கும் ஊன்றுகோல் என்று நான் புரிந்துகொண்டது அந்தப் பிரசங்கத்தை வாசித்த பிறகுதான். ஆகவே அச்சத்தோடேயே ஆலயத்துக்குப் போங்கள். ஆனால் கேட்கப்படும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் நல்லவர்; எங்களுக்குள் சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. அவர் அறைக்குள் வரும்போது என் மனத்தில் ஒன்றும் அசைவதில்லை. அன்பு என்பது ஒரு தீர்மானம் என்று பிரசங்கங்களில் கேட்கிறேன். மனத்தில் இல்லாததைச் செயலில் காட்டினால் அது வேஷம் அல்லவா? ஆண்டவர் மிகக் கடுமையாகக் கண்டித்தது வேஷதாரிகளைத்தானே?

சகோதரி, உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். எளிதாகச் சொல்லிக் கடந்துவிடக்கூடிய பதில் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கு மனமில்லை.

முதலில் வேஷத்தைப் பற்றிச் சொல்கிறேன். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கண்டித்தவர்கள், மனிதர் காணவேண்டும் என்பதற்காகத் தருமம் செய்தவர்களும் ஜெபம்பண்ணினவர்களும் ஆவர். அவர்களுடைய குற்றம் உணர்ச்சி இல்லாமல் செய்தது அன்று. பிறருக்காகச் செய்வதுபோல் காட்டித் தங்களுக்காகச் செய்ததே குற்றம். இதற்கு எதிரே, சிலுவைக்கு முந்தின இரவில் ஆண்டவர் ஜெபித்த கெத்செமனே தோட்டத்தை வைத்துப் பாருங்கள். அந்த இரவில் ஆண்டவருடைய மனித உள்ளம் சிலுவையை விரும்பவில்லை. 'இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும்' என்று அவர் கேட்டார். 'ஆயினும் என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது' என்று சொல்லி எழுந்து நடந்தார் (லூக்கா 22:42). உள்ளம் பின்வாங்கிய நிலையில் கால்கள் முன்னே சென்றன. அதை வேஷம் என்று சொல்லும் கிறிஸ்தவர் உண்டா? உலகத்தில் செய்யப்பட்ட ஆகப் பெரிய அன்பின் செயல் என்றுதானே அதைச் சொல்கிறோம்?

திருமண ஆராதனைகளில் தவறாமல் வாசிக்கப்படும் 1 கொரிந்தியர் 13-ஐயும் இந்தக் கேள்வியோடு மறுபடி வாசிக்கலாம். 'அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது' என்று தமிழில் படிக்கும்போது, அன்பின் குணங்களை ஒரு பட்டியலாகக் கேட்பதுபோல் தோன்றுகிறது. பவுல் எழுதிய கிரேக்க மூலத்திலோ 4 முதல் 7 வரையுள்ள வசனங்களில் அன்புக்குச் சொல்லப்படும் பதினைந்தும் வினைச்சொற்கள். அன்பு பொறுக்கிறது, தயவு செய்கிறது, பெருமையடித்துக்கொள்வதில்லை, தனக்கானதைத் தேடுவதில்லை. 'தீங்கு நினையாது' என்று நாம் வாசிக்கும் இடத்தில் உள்ள வினை, வரவு செலவு எழுதுவோர் கணக்கிடுவதைக் குறிக்க வழங்கிய சொல். தனக்கு இழைக்கப்பட்ட தீமையை அன்பு கணக்கில் ஏற்றுவதில்லை என்பது அதன் பொருள். இந்தப் பதினைந்தில் எதையும் மனம் நெகிழ்ந்தால்தான் செய்ய முடியும் என்பதில்லை. மனம் நெகிழாத நாளில்தான் இவை பெரும்பாலும் தேவைப்படுகின்றன.

எபேசு சபைக்கு ஆண்டவர் சொன்னதும் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். 'நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய் என்று உன்பேரில் எனக்குக் குறை உண்டு' என்று சொன்னவர், ஆதியில் உணர்ந்ததை மறுபடி உணர் என்று சொல்லவில்லை. நினை, மனந்திரும்பு, 'ஆதியில் செய்த கிரியைகளைச் செய்வாயாக' என்றார் (வெளிப்படுத்தின விசேஷம் 2:4, 5). அது சபைக்குச் சொல்லப்பட்டது என்பதை அறிவேன். ஆயினும் அணைந்துபோன அன்பை எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு வேதத்தில் இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது.

என் வாழ்விலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, என் கணவர் சொன்ன ஒரு சொல் என்னைச் சுட்டுவிட்டது. நான் சொன்னதே நியாயம் என்று அன்றும் எண்ணினேன், இன்றும் எண்ணுகிறேன். அவர் தூங்கிவிட்டார், எனக்குத் தூக்கம் வரவில்லை. மேசைமேல் அவருடைய மூக்குக்கண்ணாடி விரிந்தபடி கிடந்தது. இரண்டு கண்ணாடிகளிலும் விரல் ரேகைகள், மூக்கில் பதியும் இடத்தில் அழுக்கு. காலையில் எழுந்ததும் அவர் முதலில் தேடுவது அதைத்தான். அதை எடுத்துச் சென்று சோப்பு நீரில் கழுவி, பழைய பருத்தித் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடக்கி அதே இடத்தில் வைத்தேன். என் கோபம் அன்றிரவு தணியவில்லை. அவரும் காலையில் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் கழுவும்போது, இதன் வழியாகத்தான் இந்த மனிதர் என்னையும் பிள்ளைகளையும் பார்க்கிறார் என்ற எண்ணம் ஒன்று வந்தது. நான் அதை வரவழைக்கவில்லை. கை வேலை செய்துகொண்டிருந்தபோது அது வந்தது. அவருடைய அந்தச் சொல்லைப் பற்றி நாங்கள் உட்கார்ந்து பேசுவதற்கு மேலும் மூன்று வாரங்கள் ஆயின.

செயல் செய்தால் உணர்ச்சி கட்டாயம் பின்தொடரும் என்று நான் உங்களுக்கு உறுதி கூறமாட்டேன். பலருக்குத் தொடர்கிறது, சிலருக்கு நெடுநாள் ஆகிறது. உணர்ச்சிக்கு இடமே வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன், ஏனென்றால் வேதம் அப்படிச் சொல்லவில்லை. 'உன் இளவயதின் மனைவியோடே மகிழ்ந்திரு' என்கிறது நீதிமொழிகள் 5:18. மகிழ்ச்சியைக்கூட நாடித் தேடவேண்டியதாக அது வைக்கிறது. ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது சிறியது. அவருடைய நாளில் அவருக்குச் சுமையாக இருக்கும் ஒன்றைக் கண்டுபிடித்து, அதை இலேசாக்குங்கள். அதை அவரிடம் அறிவிக்காதீர்கள், பலன் கிடைத்ததா என்று மாலைதோறும் பார்க்காதீர்கள். அதோடு, எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது, அது எனக்கு வலிக்கிறது என்ற உண்மையைக் குற்றச்சாட்டாக அல்லாமல் ஒருமுறை அவரிடமே சொல்லுங்கள். பதினான்கு ஆண்டுகளாக அவரும் அதே அறையில்தான் இருக்கிறார். அவர் உள்ளமும் அசையாமல் கிடக்கிறதா என்பது நமக்குத் தெரியாதே.

இவற்றைச் செய்வதற்கான பலத்தை உங்களுக்குள்ளேயே தோண்டி எடுக்க முயலவேண்டாம். 'அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்' (1 யோவான் 4:19) என்ற வரிசையில் நாம் எப்போதும் இரண்டாவது இடத்தில்தான் இருக்கிறோம். ஊற்று நமக்கு வெளியே இருப்பதால்தான் வறண்ட மனத்திலிருந்தும் அன்பைக் கொடுக்க முடிகிறது.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கணவரிடம் மட்டுமல்லாமல் பிள்ளைகளிடம், பாட்டில், ஜெபத்தில், முன்பு பிடித்த எதிலும் உங்கள் மனம் அசையவில்லை என்றால், அது இல்லறச் சிக்கலாக இல்லாமல் மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அப்படியானால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அதில் விசுவாசக் குறைவு ஒன்றுமில்லை.

கேள்வி: கணவனும் மனைவியும் நாள்தோறும் சேர்ந்து ஜெபித்தால் போதாதா? அன்பு தானாக வளராதா?

ஜெபியுங்கள். ஆனால் 1 பேதுரு 3:7-ஐயும் வாசியுங்கள். மனைவியைக் கனம்பண்ணி விவேகத்தோடு வாழவேண்டும் என்று கணவர்களுக்குச் சொல்லும் பேதுரு, அதற்குக் காரணமாக 'உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு' என்கிறார். நடத்தை சரியில்லாவிட்டால் ஜெபமே தடைபடும் என்று அவர் எச்சரிக்கும்போது, நடத்தையை விட்டுவிட்டு ஜெபத்தை மட்டும் பற்றிக்கொள்வது எப்படி?

கேள்வி: என் கணவர் என்னை அடிக்கிறார். மூன்று முறை காயம் பட்டிருக்கிறது. சபை மூப்பர் ஒருவரிடம் சொன்னேன். அன்பு சகலத்தையும் தாங்கும், நீங்கள் அன்பைத் தெரிந்துகொள்ளுங்கள், அவர் மாறுவார் என்றார். நான் இன்னும் எவ்வளவு தாங்கவேண்டும்?

இதற்குமேல் தாங்கவேண்டியதில்லை. இந்தப் பதிலை வாசித்து முடிக்கும் முன்பே, உங்களை நம்பும் ஒருவரிடம் பேசி, நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருக்கக்கூடிய இடத்தை முடிவுசெய்யுங்கள். காயங்களை மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். சட்டம் தரும் பாதுகாப்பைக் கேட்டுப் பெறுங்கள்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட வசனத்துக்கு முந்தைய வசனத்தையும் அந்த மூப்பர் வாசித்திருக்கவேண்டும்: அன்பு 'அநியாயத்தில் சந்தோஷப்படாமல், சத்தியத்தில் சந்தோஷப்படும்.' அடிப்பதை மறைத்துவைப்பது சத்தியத்துக்குச் செய்யும் சேவை அன்று; அடிக்கிறவருக்கும் அதனால் நன்மை இல்லை. ஆண்டவர் தம்மைக் கல்லெறிய வந்தவர்களைவிட்டு விலகிப் போனதை யோவான் 8:59 சொல்கிறது. அவருடைய வேளை வந்து அவர் தம்மை ஒப்புக்கொடுத்த பின்னும்கூட, கன்னத்தில் அறைந்தவனிடம் 'என்னை ஏன் அடிக்கிறாய்' என்று கேட்டார் (யோவான் 18:23). திருமணப் பிணைப்பை மிக உறுதியாகப் பிடித்திருக்கும் கத்தோலிக்கத் திருச்சபையும், 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1153-ஆவது விதியில், துணைக்கோ பிள்ளைகளுக்கோ உடலளவிலோ மனத்தளவிலோ பேராபத்து விளைவிப்பவரைவிட்டுப் பிரிந்திருக்க இடம் தருகிறது. தாமதிப்பது ஆபத்தானால் பாதிக்கப்பட்டவர் தாமே அந்த முடிவை எடுக்கலாம் என்றும் சொல்கிறது.

அன்பு ஒரு தெரிவு என்று இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதை எவரும் உங்கள்மேல் சுமையாக ஏற்றக்கூடாது என்பதற்காக இன்னொன்றையும் எழுதுகிறேன். எபேசியர் 5-இல் அன்புகூரும்படியான கட்டளை கணவனுக்கு 25, 28, 33 ஆகிய வசனங்களில் மூன்று முறை வருகிறது. அவனவன் தனக்கு எழுதப்பட்ட வசனத்தைத் தான் வாசிக்கவேண்டும். மற்றவருக்கு எழுதப்பட்டதை எடுத்து அவர்மேல் வீசுவதற்காக வேதம் தரப்படவில்லை. உங்கள் கணவர் மனந்திரும்பவேண்டும் என்று நீங்கள் ஜெபிக்கலாம், அவரை மன்னிக்கவும் செய்யலாம். ஆனால் மன்னிப்பது வேறு, அடி விழும் வீட்டுக்குத் திரும்புவது வேறு. அவர் உண்மையாகவே மாறியிருந்தால் உங்களை அவசரப்படுத்தமாட்டார்.

கேள்வி: கிரேக்க மொழியில் 'அகாப்பே' என்பது தேவனுடைய தன்னலமற்ற அன்பு, மற்றச் சொற்கள் மனித ஆசையைக் குறிப்பவை என்கிறார்கள். அப்படியானால் கிறிஸ்தவத் தம்பதியர் காதலை விட்டுவிட்டு அகாப்பேயை மட்டும் நாடவேண்டுமா?

இது மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. சொல்லப்படும் அளவுக்கு உறுதியானது அன்று. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமார்மேல் கொண்ட கொடிய இச்சைக்கும் இதே சொல்லின் வினை வடிவம் வருகிறது (2 சாமுவேல் 13). பவுலின் உடன் ஊழியனான தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து அவரை விட்டுப் பிரிந்தான் என்ற இடத்திலும் அதே வினைதான் (2 தீமோத்தேயு 4:10). பிதா குமாரனை நேசிப்பதைச் சொல்ல யோவான் 3:35-இல் இதே வினையும் 5:20-இல் வேறொரு வினையும் வருகின்றன. ஆகவே சொல்லுக்குள் மந்திரம் எதுவுமில்லை. எபேசியர் 5-இல் அன்புக்குப் பொருள் தருவது அகராதியன்று, 'அப்படியே கிறிஸ்துவும்' என்று தொடங்கும் அடுத்த தொடர். அவர் தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்தார் என்பதே அங்கே அளவுகோல்.

காதலை விடச் சொல்வதற்கும் நமக்கு அதிகாரமில்லை. 'திரளான தண்ணீர்கள் நேசத்தை அவிக்கமாட்டாது' என்று பாடும் உன்னதப்பாட்டு நம் வேதாகமத்தில்தான் இருக்கிறது. ஈசாக்கு ரெபெக்காளைத் தன் தாயின் கூடாரத்துக்கு அழைத்துக்கொண்டு போய், மனைவியாக்கிக்கொண்டு, 'அவளை நேசித்தான்' என்று ஆதியாகமம் 24:67 சொல்லும் வரிசையில், மணத்துக்குப் பின்னே நேசம் வருகிறது; யாக்கோபுக்கோ ராகேல்மேல் நேசம் முதலில் வந்தது, ஏழு வருட உழைப்பும் மணமும் பின்னால் வந்தன. இரண்டையும் வேதம் குறைசொல்லாமல் பதிவு செய்திருக்கிறது. காதல் தானாக வந்திருந்தால் நன்றி சொல்லிப் பெற்றுக்கொள்ளுங்கள். அது தூங்கும் நாட்களில் காவல் இருப்பது தெரிந்து செய்யும் அன்பின் வேலை.

கேள்வி: என் மனைவிக்கு மறதிநோய். நாற்பத்தோராண்டு ஒன்றாக வாழ்ந்தோம். இப்போது 'நீங்கள் யார்?' என்று ஒரு நாளில் பலமுறை கேட்கிறாள். நான் கவனித்துக்கொள்கிறேன். ஆனால் நேற்று, எத்தனை தடவை சொல்வது என்று கத்திவிட்டேன். அவள் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். என் அன்பு பொய்யா?

ஐயா, உங்கள் அன்பு பொய்யன்று. திருப்பித் தரவே முடியாத ஒருவருக்கு நாள்முழுவதும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், கத்தியது களைப்பு. அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள், அவருக்கு விளங்காவிட்டாலும் கேளுங்கள். பிறகு உங்கள் சபையாரிடம் போய், வாரத்தில் இரண்டு பிற்பகல்களாவது உங்களுக்குப் பதிலாக அவரோடு இருக்க ஆள் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். 'ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து' (கலாத்தியர் 6:2) என்று அவர்களுக்கு எழுதப்பட்டிருப்பதை அவர்கள் செய்வதற்கு நீங்கள் இடம் கொடுக்கவேண்டும். தனியாகவே சுமப்பேன் என்று இருந்தால் நேற்று நடந்தது மறுபடி நடக்கும்.

மேலே ஒரு சகோதரிக்கு எழுதியபோது, தீமையைக் கணக்கில் ஏற்றாத அன்பைப் பற்றிச் சொல்லியிருந்தேன். உங்கள் வீட்டில் தீமை இல்லை, கேள்வி மட்டும்தான் இருக்கிறது. அதற்கும் அந்த வினை பொருந்தும் என்று நினைக்கிறேன். 'நீங்கள் யார்?' என்று அவர் அடுத்தமுறை கேட்கும்போது, அவர் கண்ணுக்கு நேரே உட்கார்ந்து உங்கள் பெயரைச் சொல்லுங்கள், உன் கணவன் என்று சொல்லுங்கள். அது எத்தனையாவது முறை என்பதை மட்டும் சொல்லவேண்டாம். அவருக்கு அது முதல் முறைதான்.